மருந்து மேசையில் மணி அடிக்காதீர்கள்: மருந்துக்கடை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் பேட்டைகளிலும் எம்ஆர்டி நிலையங்களை ஒட்டிய கடைத்தொகுதிகளிலும் மருந்துக்கடைகளை நடத்தும் உங்கள் எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நான் ஒரு ஃபார்மசி டெக்னீஷியன், மருந்தாளருக்கு உதவியாக மருந்தை எடுத்துக் கொடுப்பவள். 11 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். இரண்டு நிறுவனங்களில், நான்கு கிளைகளில் மருந்து மேசைக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். எந்த நிறுவனம், எந்தக் கிளை என்று சொல்லப் போவதில்லை. யாரையும் மாட்டிவிட இதை எழுதவில்லை. நான் பார்த்தது எல்லாக் கிளைகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தது.

போன மாதம் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

சாயங்காலம் ஆறு, ஆறரை இருக்கும். வேலை விட்டு வருகிறவர்கள் ரயிலிலிருந்து இறங்கி நேரே கடைக்குள் நுழைகிற நேரம். 70 வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் கையில் சந்தைப் பையோடு வந்தார். ஏற்கெனவே இரண்டு முறை கடையைச் சுற்றி வந்துவிட்டார் என்பதை நான் கவனித்திருந்தேன். மூன்றாவது முறை என் பெயர் அட்டையை உற்றுப் பார்த்துவிட்டு, "தமிழா நீங்க?" என்று கேட்டார். கால் வீக்கத்துக்கு ஏதாவது தைலம் வேண்டுமாம்.

தைலம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் வீக்கம் என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்வி கேட்காமல் எனக்குக் கை போகாது. "எத்தனை நாளா பாட்டி? ஒரு காலா, ரெண்டு காலா?" என்றேன். இரண்டு கணுக்காலும், மூன்று வாரமாக என்றார். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "ரத்தக்கொதிப்புக்கு மட்டுந்தாம்மா" என்று சொல்லிக்கொண்டே பையைத் திறந்தார். முருங்கைக்கீரைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் ரப்பர் பேண்ட் போட்ட மாத்திரை அட்டைகள்.

ஒன்று பலதுறை மருந்தகத்தில், அதாவது அரசாங்க பாலிகிளினிக்கில், கொடுத்த ரத்தக்கொதிப்பு மாத்திரை, அம்லோடிபின். இன்னொன்று, மகள் வீட்டில் தங்கியிருந்தபோது தலைசுற்றல் என்று பக்கத்துத் தனியார் கிளினிக்குக்குப் போனதில் கிடைத்தது. பெயர் நார்வாஸ்க். பெட்டி வேறு, பெயர் வேறு, ஆகவே பாட்டிக்கு அது வேறு மாத்திரை. காலையில் ஒன்று, ராத்திரி மற்றொன்று என்று ஒழுங்காகச் சாப்பிட்டு வந்திருக்கிறார். இரண்டிலும் இருப்பது ஒரே மருந்து. நார்வாஸ்க் என்பது அம்லோடிபினின் வணிகப் பெயர். அம்லோடிபின் அளவு கூடினால் கணுக்கால் வீங்கும் என்பது எங்கள் வேலையில் இருக்கிற எல்லாருக்கும் பாலபாடம். அவர் தைலம் தேடி வந்த வீக்கத்தின் காரணம் பெரும்பாலும் அந்த ரப்பர் பேண்டுக்குள்தான் இருந்தது.

அதற்கு மேல் பேசுவது என் வேலையல்ல, மருந்தாளரின் வேலை. உடனே அவரை அழைத்தேன். அவர் பாட்டியை உட்கார வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், மகளுக்குத் தொலைபேசியில் பேசினார், பலதுறை மருந்தக மருத்துவருக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். மருந்தாளருக்குத் தமிழ் தெரியாது. பாட்டிக்குத் தமிழும் சந்தை மலாயும் தெரியும். நடுவில் நான். எல்லாம் சேர்த்து 14 நிமிடம் ஆனது. பாட்டி தைலம் வாங்கவில்லை. வாங்க வேண்டாம் என்று நாங்கள்தான் சொன்னோம்.

அந்த 14 நிமிடத்தில் கல்லாவிலிருந்து எனக்கு மூன்று முறை மணி அடித்தது.

வரிசை நீண்டுவிட்டது, இரண்டாவது கல்லாவைத் திறக்க ஆள் வேண்டும், அதற்குத்தான் மணி. முதல் மணிக்குக் கையைக் காட்டினேன். இரண்டாவதுக்கு "இதோ வர்றேன்" என்றேன். மூன்றாவது மணி அடித்தபோது பாட்டியே, "நீ போம்மா, உனக்கு வேலை இருக்கு, நான் அப்புறம் வர்றேன்" என்று அட்டைகளை அள்ளிப் பைக்குள் போடத் தொடங்கிவிட்டார். அவர் கையைப் பிடித்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. அவர் அன்று போயிருந்தால் 'அப்புறம்' வந்திருப்பாரா? எனக்கு நம்பிக்கையில்லை. உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்த ஒரு நொடிதான் காரணம்.

மறுநாள் மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர். கோபப்படவில்லை. மாலை நேர விற்பனைக் கணக்கைக் காட்டினார். ஒரு பில்லுக்கு எத்தனை பொருள் என்ற எண்ணில் என் பெயருக்கு நேரே இருந்தது கிளையிலேயே மிகக் குறைவு. "நீங்க செஞ்சது சரிதான், ஆனா மேலே கேட்பாங்க" என்றார். அவருக்கு மேலே இருப்பது நீங்கள்தான் என்பதால் அவரிடம் சொல்வதில் பயனில்லை. உங்களிடமே சொல்கிறேன்: மருந்தை எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலையில் பாதிதான். பேசுவது மறுபாதி. அந்த மறுபாதிக்கு உங்கள் கணக்கில் ஒரு கட்டம்கூட இல்லை.

சட்டம் எங்கள் மேசையை எப்படிப் பார்க்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சிங்கப்பூரில் மருந்துகள் மூன்று வகை. பாராசிட்டமால் போன்றவற்றைப் பேரங்காடியிலும் வாங்கலாம். இரண்டாவது வகையை மருந்தாளர் மேற்பார்வையில்தான் விற்க முடியும். மூன்றாவதற்கு மருத்துவரின் சீட்டு வேண்டும். இந்த இரண்டாவது வகைதான் எங்கள் கடையின் உயிர்நாடி. மருந்தாளர் சாப்பிடப் போய்விட்டால் அந்த அலமாரியைப் பூட்டிவிடுவோம். அவர் வரும்வரை அதிலிருந்து ஒரு மாத்திரைகூட வெளியே போகாது. அந்த நேரத்தில் வருகிறவர்களின் கோபத்தை வாங்கிக்கொள்வது டெக்னீஷியன். "கண்ணு முன்னாடி இருக்கு, எடுத்துக் கொடுக்க மாட்டேங்கிறியே" என்பார்கள். கொடுக்க மாட்டேன். அதில் எனக்கு வருத்தமும் இல்லை, அந்தப் பூட்டு சரியானது. ஒரே மருந்தாளர் நாள் முழுவதும் நிற்கிற கிளைகளில், அவர் இடைவேளை நேரத்துக்கு மாற்று ஆள் ஏற்பாடு செய்தால் நல்லது. இப்போதைக்கு அதை மட்டும் சொல்லி மேலே போகிறேன்.

மருந்தாளர்கள் சிங்கப்பூர் மருந்தாளர் மன்றத்தில் பதிவு பெற்றவர்கள். எங்களுக்கு அப்படி ஒரு பதிவேடு கிடையாது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் மருந்தியல் படித்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள், என்னைப் போல் நடுவயதில் பயிற்சிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். சட்டப்படி நாங்கள் மருந்தாளரின் கைகள். ஆனால் மேசைக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது எங்களைத்தான். எந்தக் கேள்வியை மருந்தாளரிடம் கொண்டுபோக வேண்டும், எதை அலமாரியைக் காட்டி முடித்துவிடலாம் என்று முதலில் பிரிப்பது நாங்கள். தைலம் கேட்டவரிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்கத் தோன்றுவதுதான் எங்கள் திறமை. அது மணிச் சத்தத்தில் போய்விடும்.

போய்விடும் என்று சும்மா சொல்லவில்லை. எனக்கே நடந்தது.

நம் ஊரில் பெரும்பாலும் மருத்துவரே மருந்தையும் கொடுத்துவிடுவார். சீட்டை எடுத்துக்கொண்டு எங்களிடம் வருகிறவர்கள் குறைவு. அதனாலேயே சீட்டு வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் சீட்டோடு வந்தார். 5 மில்லிகிராம் மாத்திரை, மூன்று மாதத்துக்கு. எடுக்கக் கையை நீட்டினேன், மணி அடித்தது. போய்க் கல்லாவில் நான்கு பேருக்குப் பில் போட்டேன். ஒருவர் சலுகை அட்டை வேலை செய்யவில்லை என்று சண்டை போட்டார். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து எடுத்தேன். நான் எடுத்தது 10 மில்லிகிராம். பெட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், நிறம் ஒன்று, எழுத்து ஒன்று, எண் மட்டும்தான் வேறு. மருந்தாளர் சரிபார்க்கும்போது கண்டுபிடித்துவிட்டார். பெட்டி மேசையைத் தாண்டவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பெட்டியைத் திருப்பி என் பக்கம் தள்ளினார், அவ்வளவுதான். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. என் கை என்னை ஏமாற்றிவிட்டது என்று நினைத்து அழுதேன்.

தவறு என்னுடையதுதான். அதை யார் மேலும் தள்ள மாட்டேன். ஆனால் எங்கள் வேலையில் பெயர் ஒத்திருக்கும் மருந்துகளுக்கென்று தனிப் பட்டியலே வைத்திருக்கிறோம். மெட்ஃபார்மின் இனிப்புநீருக்கு, மெட்ரோனிடசோல் கிருமித் தொற்றுக்கு. ஹைட்ராலசின் ரத்தக்கொதிப்புக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு. குழம்பாமல் இருக்கப் பெயரின் நடு எழுத்துகளைப் பெரிதாக அச்சிடுகிறார்கள், தட்டுகளைத் தள்ளி வைக்கிறோம், சிவப்பு ஒட்டுவில்லை ஒட்டுகிறோம். இத்தனையும் செய்துவிட்டு, மாத்திரை எடுக்கிறவளை நடுவில் கூப்பிட்டு ஷாம்பூவுக்குப் பில் போடச் சொல்கிறோம். எவ்வளவு ஒட்டுவில்லை ஒட்டினாலும், பாதியில் விட்ட கை எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது.

இனி அந்த 'ஒரு பில்லுக்கு எத்தனை பொருள்' கணக்கு. மாதாமாதம் தள்ளிவிட வேண்டிய பொருள் ஒன்று இருக்கும். ஒரு மாதம் மீன் எண்ணெய், ஒரு மாதம் கொலாஜன், ஒரு மாதம் கிங்கோ என்ற மூலிகை மாத்திரை. இரண்டாவது போத்தல் பாதி விலை. பல் தேய்க்கும் பசை வாங்க வந்தவரிடம் காட்டுவதில் எனக்கு ஒன்றுமில்லை, கடை என்றால் விற்கத்தான் வேண்டும். அந்தச் சம்பளத்தில்தான் என் வீட்டிலும் அடுப்பு எரிகிறது. ஆனால் மருந்து மேசைக்கு வருகிறவர் வேறு. இதயத்தில் வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவரிடம் கிங்கோவை நீட்டினால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். அவர் வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்று தெரிந்துகொள்ள நான் முதலில் அவரோடு பேச வேண்டும். பேசினால் கிங்கோ விற்காது. விற்காவிட்டால் என் எண் குறையும். மருந்து மேசையில் நிற்கிறவருக்கு இந்தக் கணக்கை வைக்கவே கூடாது என்று நான் நினைக்கிறேன். குறைக்கச் சொல்லவில்லை, எடுத்துவிடச் சொல்கிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு கிளை லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கம். அங்கே ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று உங்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்களோ தெரியாது. கேம்பல் லேனில் தோளோடு தோள் இடிக்காமல் நடக்க முடியாது. வாரம் முழுவதும் கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்த்த தம்பிகள் அன்றைக்குத்தான் வெளியே வருவார்கள். ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, காய்கறி வாங்கிவிட்டு, கடைசியாக எங்களிடம் வருவார்கள். இடுப்பு வலி, படர்தாமரை, சளி, கண் எரிச்சல். விடுதிகளில் தங்கும் வேலை அனுமதித் தொழிலாளர்களுக்கு 2022 ஏப்ரலிலிருந்து முதன்மைப் பராமரிப்புத் திட்டம் இருக்கிறது, மருத்துவரைப் பார்க்க வழி இருக்கிறது. இருந்தாலும் விடுப்பு எடுக்க வேண்டி வந்துவிடுமோ என்ற பயத்தில் கடையோடு முடித்துக்கொள்ளப் பார்க்கிறவர்கள் நிறைய.

ஒரு தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தான். அறைத்தோழன் கொடுத்த குட்டி மஞ்சள் மாத்திரையின் வெற்று அட்டையைக் காட்டி, "அக்கா, இதே குடுங்க, நல்லா கேக்குது" என்றான். குளோர்ஃபெனிரமின். சளிக்குக் கேட்கும், கூடவே தூக்கத்தையும் கொண்டுவரும். "நாளைக்கு என்ன வேலை தம்பி?" என்று கேட்டேன். "ஸ்காஃபோல்டிங்க்கா, சாரம் கட்டுறது. பதினாலாவது மாடி." நான் மருந்தாளரைப் பார்த்தேன். அவருக்கு மாடியின் எண்ணைச் சொன்னதே போதுமாக இருந்தது. தூக்கம் தராத வேறு மாத்திரை எடுத்தார். கிளம்பும்போது எதற்கும் இருக்கட்டும் என்று, காய்ச்சலுக்கு என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். ஊரிலிருந்து கொண்டுவந்த டோலோ 650, வேளைக்கு இரண்டு, மூன்று வேளை. அதோடு இங்கே வாங்கிய சளிக் காய்ச்சல் மாத்திரையும் வேளைக்கு இரண்டு.

டோலோ என்பது பாராசிட்டமால். அந்தச் சளி மாத்திரையிலும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இருந்தது. கணக்குப் போட்டுக் காட்டினேன், ரசீதின் பின்பக்கத்தில். டோலோவில் மட்டும் நாளைக்கு 3,900 மில்லிகிராம். சளி மாத்திரையில் இன்னொரு 3,000. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4,000தான் உச்ச வரம்பு, அதற்கு மேல் போனால் கல்லீரல் தாங்காது. "பேரு வேறயா இருக்கேக்கா" என்றான். பாட்டி சொன்னதும் அதேதான். பெயர் வேறாக இருந்தால் மருந்து வேறு என்றுதான் யாரும் நினைப்பார்கள். உள்ளே இருப்பது ஒன்று என்று சொல்ல, அவர்களுக்குப் புரிகிற மொழியில் பேசுகிற ஆள் ஒருவர் மேசையில் இருக்க வேண்டும். அந்தத் தம்பி அந்த ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

அந்த ஆண்டே என்னை வேறு கிளைக்கு மாற்றினார்கள். ஆள் பற்றாக்குறை, எல்லாருக்கும் நடப்பதுதான். ஆனால் எனக்குப் பதில் தேக்காவுக்கு வந்தவருக்குத் தமிழ் தெரியாது. என் பணி அட்டவணையில் நான் எந்த மொழி பேசுவேன் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை, எழுதாததை யார் பார்த்து முடிவு செய்வார்கள்? எங்களில் தமிழ் பேசுகிறவர்கள், ஹொக்கியன் பேசுகிறவர்கள், மலாய் பேசுகிறவர்கள் எல்லாரும் இருக்கிறோம். யார் எங்கே, எந்தக் கிழமை நிற்க வேண்டும் என்று முடிவு செய்யும்போது அதையும் ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். செலவில்லாத காரியம்.

அப்புறம் பெட்டியின் மேல் எழுதும் விஷயம். பல ஆண்டுகளாக நான் மார்க்கர் பேனாவால் பெட்டியிலேயே எழுதிக் கொடுத்துவந்தேன். "காலை 1, இரவு 1, சாப்பிட்ட பின்." தமிழில். கண் மங்கியவர்களுக்காகப் பெரிய எழுத்தில். ஒரு முறை தணிக்கைக்கு வந்தவர் பார்த்துவிட்டு, அங்கீகரிக்கப்படாத எழுத்து பெட்டியில் இருக்கக் கூடாது என்று நிறுத்தச் சொன்னார். அவர் சொன்ன காரணம் எனக்குப் புரிகிறது. நான் தவறாக எழுதிவிட்டால் யார் பார்ப்பது? சரிதான். அப்படியென்றால் அங்கீகரித்த ஒட்டுவில்லையை நீங்களே அச்சடித்துக் கொடுங்கள். பத்து வாக்கியம் போதும். சாப்பிடும் முன், சாப்பிட்ட பின், தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீர்கள், பாராசிட்டமால் உள்ளது என்று. நான்கு மொழியிலும், பக்கத்தில் ஒரு சூரியன், ஒரு நிலா. நம் ஊரில் கட்டடம் கட்டுகிற இடத்தில் தகரத் தடுப்பு வைத்தால் 'அபாயம்' என்று நான்கு மொழியிலும் எழுதி மாட்டுகிறோம். அந்தத் தடுப்புக்குப் பின்னால் வேலை பார்க்கிறவன் விழுங்கும் மாத்திரைக்கும் அதே மரியாதையைக் கொடுக்கலாம்.

எங்களால் முடியுமா, வாடிக்கையாளர்கள் கேட்பார்களா என்று நீங்கள் யோசிக்கலாம். 2021 ஜூன் 16ஐ நினைத்துப் பாருங்கள். கொவிட் சுயபரிசோதனைக் கருவிகள் மருந்துக்கடைகளில் விற்பனைக்கு வந்த நாள். ஆளுக்குப் பத்துதான் என்று வரம்பு. அந்த வாரம் முழுவதும் நான் விற்றதைவிடப் பேசியதுதான் அதிகம். குச்சியை எவ்வளவு தூரம் விட வேண்டும், எத்தனை சுற்று, எத்தனை சொட்டு, ஒரு கோடு என்றால் என்ன, இரண்டு கோடு என்றால் என்ன. முகக்கவசத்தோடு, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து, தொண்டை கட்டுகிற அளவுக்குத் தமிழில் சொன்னேன். அப்போது யாரும் எனக்கு மணி அடிக்கவில்லை. நிதானமாகச் சொல்லி அனுப்புங்கள் என்றுதான் உங்களிடமிருந்து தகவல் வந்தது. பேசுவது வேலை என்று அன்றைக்கு உங்களுக்கும் தெரிந்திருந்தது.

அந்தத் தொற்றின் நெருக்கடி போய்விட்டது. மற்ற நோய்கள் போகவில்லை. 2010 தேசிய சுகாதார ஆய்வில், நம் நாட்டுப் பெரியவர்களில் இந்தியர்களுக்கு நீரிழிவு 17.2 விழுக்காடு, மலாய்க்காரர்களுக்கு 16.6 விழுக்காடு, சீனர்களுக்கு 9.7 விழுக்காடு என்று வந்தது. என் மேசைக்கு வரும் தமிழ்க் குடும்பங்களில் மாத்திரை அட்டை இல்லாத வீட்டை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். 2030இல் சிங்கப்பூரர்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார். அவர்கள் பையில் இருக்கப்போவது ஒரு மாத்திரை அல்ல, ஆறு, ஏழு. பலதுறை மருந்தகத்தில் கொஞ்சம், மருத்துவமனையில் கொஞ்சம், பக்கத்து கிளினிக்கில் கொஞ்சம், ஜோகூர் போனபோது வாங்கியது கொஞ்சம், ஊரிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்தது கொஞ்சம். இந்த எல்லா அட்டைகளும் ஒரே மேசையில் வந்து விழக்கூடிய இடம் உங்கள் கடைதான். முன்பதிவு வேண்டாம், கட்டணம் வேண்டாம், ராத்திரி பத்து மணி வரை திறந்திருக்கும், வீட்டுக்குக் கீழே இருக்கும். வேறு யாருக்கும் இல்லாத வசதி இது.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மருந்து மேசையில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தால், அவர் டெக்னீஷியனோ மருந்தாளரோ, அவரைக் கல்லாவுக்குக் கூப்பிடாதீர்கள். அந்த மேசைக்கு மணி வேண்டாம். மாலை ஐந்திலிருந்து எட்டு வரை கல்லாவுக்குக் கூடுதலாக ஒரு பகுதிநேர ஆளை வையுங்கள், அந்த மூன்று மணி நேரம்தான் எல்லாக் கிளைக்கும் நெருக்கடி. விற்பனைக் கணக்கில் எங்கள் பெயருக்கு நேரே எண் போட்டே ஆக வேண்டுமென்றால், மருந்தாளரிடம் எத்தனை பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம் என்று போடுங்கள். எங்களிடம் ஏற்கெனவே ஒரு நோட்டு இருக்கிறது, குளிர்பெட்டியின் வெப்பநிலையை எழுதி வைக்கும் நோட்டு. தினமும் இரண்டு முறை, 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம். இன்சுலின் கெடாமல் இருக்க அவ்வளவு அக்கறை. அதே நோட்டின் பின்பக்கத்தில் இதையும் எழுதலாம்.

பேச்சுக்கு நேரம் கொடுத்தால் விற்பனை விழும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். விழாது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்தப் பாட்டியின் மகள் அடுத்த வாரம் கடைக்கு வந்தார். என்னைத் தேடி, என் ஷிஃப்ட் எப்போது என்று கேட்டுக்கொண்டு வந்தார். பலதுறை மருந்தகத்தில் ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டார்களாம், வீக்கம் வடியத் தொடங்கியிருக்கிறதாம். அவர் தன் மாமியாரின் மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

அன்றைக்கும் கூட்டம். முழுவதையும் பார்க்க முடியவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு, பாட்டியையும் மாமியாரையும் இரண்டு பைகளோடும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அன்று நானும் மருந்தாளரும் பணியில் இருக்கிறோம். மேலாளரிடமும் சொல்லிவிட்டேன். கல்லாவுக்கு வேறு ஆள் கிடைக்குமா என்று அவர் உங்கள் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமைக்குள் அனுப்பினால் போதும்.

நன்றியுடன்,
ஒரு ஃபார்மசி டெக்னீஷியன்